மீட்டர் பார்க்காமல் முப்பது

ஆர்.கே.புரம், புது டெல்லி
6 ஜூலை 2024

அன்புத் தம்பி ஜோதிக்கு, அக்கா சாந்தகுமாரியின் ஆசிகள்.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். மாமாவின் முழங்கால் மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, மழைதான் வருவதில்லை. மதுமதி குருகிராமில் வேலை, வேலை என்று இருக்கிறாள். தமிழில் மெசேஜ் அனுப்பினால் "அம்மா, இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று பதில் வருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கவிதாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாமா கேலி செய்கிறார். நான் போன் செய்தால் "அவரு டியூட்டியில இருக்காரு அண்ணி" என்கிறாள் கவிதா. நீ கூப்பிடும்போது நான் ஆபீஸில் கோப்புக்கு நடுவில். நீ ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து வண்டி ஓட்டிப் போகிற ஊரில், ரன்னிங் ரூமில் ஓய்வெடுக்கும்போது உட்கார்ந்து எழுதுகிறாயே, அந்தக் கடிதங்களில் இருக்கிற ஜோதி போனில் கிடைப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மாடல் ரயில் வளர்ந்துவிட்டது. கொரோனா சமயத்தில் ஒரு எஞ்சினும் இரண்டு பெட்டியுமாக ஆரம்பித்தது, இன்று ஹால் சுவரை ஒட்டிப் பதினாறு அடிப் பலகை. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. சாப்பாட்டு மேஜை பால்கனிக்குப் போய்விட்டது. விமானப்படையிலிருந்து ரிட்டயர் ஆன உன் மாமா பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஸ்டேஷனுக்குச் சாமல்பட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன், நீ தாண்டிப் போகிற ஊராயிற்றே.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் வேகக் குமிழை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். பதினாறு அடியை ஐந்தே விநாடியில் கடக்கிறது. எண்பத்தேழால் பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்! சாமல்பட்டியில் முந்நூறு!

எங்கள் மாடல் ரயில் கூட்டத்தை நடத்துகிற நரேனைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா, கரோல் பாக்கில் பல் டாக்டர், டெல்லியிலேயே பிறந்த பையன், தமிழ் பேசுவான், படிக்க வராது. அவன் டிசம்பர் 15-ஆம் தேதி ஒரு போட்டி வைக்கிறான். ஒரு வேகம் சொல்வார்கள். வேக மீட்டர் கிடையாது, கடிகாரம் கிடையாது. கண்ணாலும் கையாலும் அந்த வேகத்தைப் பிடித்து ஓட்ட வேண்டும். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் தூரத்துக்கு இரண்டு முனையிலும் கருவி வைத்து உண்மை வேகத்தைக் கணக்கெடுப்பார்கள். யார் மிக நெருக்கமோ அவர்தான் ஜெயிப்பார்.

நான் பெயர் கொடுத்துவிட்டேன், என் பெயர் இல்லை. "லோகோ பைலட் ஜோதிலிங்கம், தெற்கு ரயில்வே." நரேன் வாயைப் பிளந்துவிட்டான். ஒரு வாரம் லீவு போட்டு வா. அதுவரைக்கும் எனக்கு ஒன்று சொல், லூப் லைனில் என்ன வேகத்தில் நுழைவாய்? மீட்டரைப் பார்க்காமல் அதை எப்படித் தெரிந்துகொள்வாய்?

பதில் சீக்கிரம் போடு.

உன் அக்கா,
சாந்தகுமாரி

* * *

ஈரோடு ரன்னிங் ரூம்
22 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு, ஜோதி வணங்கி எழுதுவது.

நானும் கவிதாவும் நலம். மாமாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் போதும், டெல்லி டாக்டர்களிடம் போக வேண்டாம் என்று சொல்லவும்.

முந்நூறு கிலோமீட்டரில் சாமல்பட்டியைத் தாண்டிய முதல் ஆள் நீதான். சாமல்பட்டிக்காரர்கள் சார்பில் கண்டிக்கிறேன்.

லூப் லைன் என்றால் மெயின் லைனிலிருந்து பிரிந்து பிளாட்பாரத்துக்குப் போகிற பாதை. அங்கே முப்பது வைத்துக்கொள். உன் பலகையில் அது விநாடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். பார்ப்பவர்களுக்கு வண்டி நிற்கிறதா போகிறதா என்று சந்தேகம் வர வேண்டும்.

மீட்டர் பார்க்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. லைனோரம் கரண்ட் கம்பங்கள் நிற்கும் இல்லையா, சுமாராக அறுபது மீட்டருக்கு ஒன்று. நான் அசிஸ்டண்ட் டிரைவராக இருந்த காலத்தில் "ஒண்ணு முருகா, ரெண்டு முருகா" என்று மனசுக்குள் எண்ணிப் பழகினேன். ஒரு முருகா ஒரு விநாடி. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் ஏழு முருகாவுக்கு மேல் ஒரு துளி ஆனால் வேகம் முப்பது. இரண்டே முருகாவில் தாண்டினால் நூறைத் தாண்டிவிட்டாய்.

நீயும் பலகையில் அறுபத்தொன்பது சென்டிமீட்டருக்கு ஒரு கம்பம் நடு. அங்கேயும் அதே ஏழு முருகாதான். தூரத்தை எண்பத்தேழால் வகுக்கலாம், நேரத்தை வகுக்கக் கூடாது. ஒரு விநாடி உன் பலகையிலும் ஒரு விநாடிதான். முதலில் இதில்தான் எல்லாரும் தப்பு செய்வார்கள்.

லீவு கிடைப்பது கஷ்டம் அக்கா. ஆள் பற்றாக்குறை. டிசம்பரில் கேட்கவே முடியாது.

உன் தம்பி,
ஜோதி

* * *

ஆர்.கே.புரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு மலை மந்திர் முருகனிடம் சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லித்தான் இப்போது இந்த வீட்டில் ரயிலே ஓடுகிறது, அதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கம்பங்கள் நட்டாயிற்று. மாமா எண்ணினார், நான் குமிழைப் பிடித்தேன். அவர் முருகாவுக்கும் என் முருகாவுக்கும் ஒத்துவரவில்லை. அவர் பரேட் நடத்துகிற வேகத்தில் எண்ணுகிறார். கடைசியில் அவரைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டு நானே எண்ணினேன். நாலாவது நாள் வந்தது ஜோதி, ஏழும் ஒரு துளியும்! வண்டி ஊர்ந்து ஊர்ந்து சாமல்பட்டிக்குள் நுழைந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொம்மை மாதிரியே இல்லை. எத்தனையோ டன் கனம் மெதுவாக வருவது போல இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தைகள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி ஜி, பேட்டரி கதம்?" என்றார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அவர்கள் கிடக்கட்டும்.

நிறுத்துவதுதான் வரவில்லை. குமிழை மூடியதும் செங்கல்லில் முட்டியது போல நிற்கிறது. நீ எப்படி நிறுத்துவாய்?

இன்னொன்று. உன் கடிதத்தில் மேலே ஈரோடு ரன்னிங் ரூம் என்று இருக்கிறது, உறையில் ஜோலார்பேட்டை முத்திரை. எழுதிப் பையில் போட்டு வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாயா? உன் மறதிக்கு அளவே இல்லை.

லீவு கிடைக்காது என்ற பேச்சே வேண்டாம். நாலு மாதம் முன்னால் கேட்டால் எந்த ஆபீஸும் கொடுக்கும். நான் லீவு சாங்ஷன் பண்ணுகிற செக்‌ஷனில் எட்டு வருஷம் இருந்தவள்.

அன்புடன்,
அக்கா

* * *

ஜோலார்பேட்டை
31 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு வணக்கம். இரண்டு பேரும் நலம். பதில் தாமதத்துக்கு வேலைதான் காரணம்.

நிறுத்துவது: ஒரே மூச்சில் மூடாதே. கொஞ்சம் குறை, விடு, வண்டி தானே தளரட்டும், பிறகு இன்னும் கொஞ்சம். உள்ளே தம்ளரில் டீயோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்.

போட்டியில் என் பெயரை எடுத்துவிட்டு மாமா பெயரைக் கொடுத்துவிடு.

ஜோதி

* * *

ஜோலார்பேட்டை
9 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு, கவிதா பணிவுடன் எழுதுவது.

நீங்களும் அண்ணனும் மதுமதியும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான்.

மார்ச் மாதம் இவருக்கு ஏ ஒன் மெடிக்கல் வந்தது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வைக்கிற கண் பரிசோதனை. அதில் இவர் தேறவில்லை. கண் நரம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறதாம். படிக்கலாம், நடக்கலாம், ஒன்றும் பயம் இல்லை. சின்ன விளக்குகளின் நிறம்தான் குழம்புகிறது. வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது இங்கேயே, டிரைவர்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற லாபியில் மேஜை வேலை. எந்த டிரைவர் எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்று போன் செய்து கூப்பிடுகிறார். சம்பளத்துக்கு ஒன்றும் கவலை இல்லை அண்ணி.

உங்களிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றார். "அக்கா டெல்லி முழுக்க என் தம்பி எக்ஸ்பிரஸ் ஓட்டுறான்னு சொல்லி வச்சிருக்கு, அதை நான் எப்படிக் கெடுக்கிறது" என்கிறார். ஈரோடு என்று மேலே போட்டு எழுதினாரே, அந்தக் கடிதத்தை லாபி மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினார். இப்போது அவர் ஈரோடு போவது உங்கள் கடிதத்தில் மட்டும்தான்.

நீங்கள் ஏதாவது கேட்டு எழுதினால் இரண்டு நாள் முகம் தெளிவாக இருக்கிறது. லீவு பற்றிக் கேட்டால் மறுபடியும் வாடிவிடுகிறது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
கவிதா

* * *

ஆர்.கே.புரம்
23 செப்டம்பர் 2024

என் அன்புத் தம்பி ஜோதிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளா வேளைக்குச் சாப்பிடு.

நீ சொன்ன டீத்தம்ளர் வேலை செய்தது. மாமாவின் மூக்குப்பொடி டப்பியில் சொட்டுத் தண்ணீர் ஊற்றிக் கடைசிப் பெட்டியின் கூரைமேல் வைத்தேன். முதலில் எல்லாம் கொட்டியது. பத்தாவது தடவை ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை. மாமா மூக்குப்பொடிக்கு எங்கே போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் நிறையத் தெரிய வேண்டும். வளைவில் வேகம் குறைந்தால் கையில் எப்படித் தெரியும்? காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் என்ன வித்தியாசம்? நீ ஒவ்வொன்றாக, நிதானமாக எழுது. அவசரம் இல்லை.

மாமா பெயரைக் கொடுக்க முடியாது. அவர் எண்ணினால் முப்பது என்பது ஐம்பது ஆகிவிடும். நீதான் வர வேண்டும். போட்டியில் சிக்னல் கிடையாது, கலர் லைட் எதுவுமே கிடையாது என்று நரேனிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வெறும் வேகம் மட்டும்தான். அதனால் நீ தாராளமாக வரலாம்.

அன்புடன்,
அக்கா

* * *

ஜோலார்பேட்டை, க்ரூ லாபி
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல். நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சிக்னல் இருக்குமா என்று நான் கேட்கவே இல்லையே அக்கா.

உனக்கு ரகசியம் காக்க வராது. சின்ன வயதில் அப்பாவின் டார்ச்சை நான் உடைத்தபோது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே "ஜோதி டார்ச்சைத் தொடவே இல்லைப்பா" என்று போய்ச் சொன்னவள் நீ. கவிதா எழுதியிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. அவளிடம் கோபம் இல்லை. ஒரு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தது வெட்கத்தால்தான்.

இருட்டு அறையில் ஒரு சின்ன விளக்கைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார் டாக்டர். வெள்ளை என்றேன். அவர் எழுதவில்லை. "இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு தடவை கேட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பச்சையாம். இருபத்தேழு வருஷம் எந்தப் பச்சையைப் பார்த்து ஆயிரம் ஆயிரம் பேரை இழுத்துக்கொண்டு போனேனோ, அந்தப் பச்சை. டாக்டர் செய்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் என்னை இறக்கியிருப்பேன். அது புத்திக்குத் தெரிகிறது. கைக்குத்தான் தெரியவில்லை.

லாபியில் என்னிடம் பயிற்சி எடுத்த கௌதமன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். நல்ல டிரைவர். அவன் போன பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

ஈரோடு என்று போட்டது பொய். எழுதும்போது பொய்யாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

நான் வரமாட்டேன் அக்கா. அத்தனை பேர் நடுவில் லோகோ பைலட் ஜோதிலிங்கம் என்று கூப்பிட்டால் எழுந்து நிற்க என்னால் முடியாது. வற்புறுத்தாதே.

வளைவு பற்றிக் கேட்டாயே. வளைவில் வண்டி உள்ளங்கையில் கொஞ்சம் கனக்கும். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

உன் ஜோதி

* * *

ஆர்.கே.புரம்
4 நவம்பர் 2024

ஜோதி,

நலம். தீபாவளி வெடிப்புகையில் எதிர் பிளாக்கே தெரியவில்லை, எல்லாருக்கும் இருமல், மற்றபடி நலம். பலகாரம் பார்சல் வந்ததா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு உன்மேல் கோபம் வந்தது, ராத்திரி மாமாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் போய்ப் பலகையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் தூசி தட்டுவார்.

உன்னிடம் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் பெயருக்கு முன்னால் லோகோ பைலட் என்று போட்டது உனக்காக இல்லை, எனக்காக. முப்பத்தைந்து வருஷமாக ஒரே பஸ், ஒரே ஆபீஸ், பச்சை நாடா கட்டிய கோப்புகள். நடுவில் யாரிடமாவது "என் தம்பி எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறான்" என்று சொல்லும்போது நானும் எங்கேயோ வேகமாகப் போவது போல இருக்கும். அந்தச் சுகத்துக்காக எல்லாரிடமும் சொன்னேன். அதைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துக்கொள்.

உனக்கு வண்டி போனது எனக்கு வருத்தம்தான். பரவாயில்லை, மேஜை வேலை நிம்மதி என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

கரோல் பாக் போய் நரேனிடம் பட்டியலை மாற்றச் சொன்னேன். வெறும் "ஜோதிலிங்கம், ஜோலார்பேட்டை." சரி ஆன்ட்டி என்றான். அதோடு முடிந்தது. வராவிட்டால் நான் ஓட்டுவேன், நாற்பதிலோ இருபதிலோ போய்த் தோற்பேன், அது ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஆனால் மார்ச்சிலிருந்து உன் கை சும்மா இருக்கிறது. என் வீட்டில் ஒரு எஞ்சின் இருக்கிறது, அதற்கு மெடிக்கல் கிடையாது. நான் சொல்வது இவ்வளவுதான்.

டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் கான்சல் செய்துகொள், நான் கேட்க மாட்டேன்.

கவிதாவைத் திட்டாதே.

அக்கா

* * *

ஆர்.கே.புரம், டெல்லி
15 டிசம்பர் 2024

அன்புள்ள கவிதாவுக்கு, ஜோதி எழுதுவது.

நான் நலம், குளிரில்தான் பல் கிட்டுகிறது. மாமாவின் ஏர்ஃபோர்ஸ் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாய் அல்லவா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தேழு வருஷத்தில் அக்காவுக்குத்தான் எழுதியிருக்கிறேன், உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

அக்கா அனுப்பிய டிக்கெட்டில் ஏறிவிட்டேனே தவிர, வந்த முதல் இரண்டு நாள் பலகைப் பக்கமே போகவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் ஆபீஸ் போன பிறகு நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். அவர் "டீ போடப் போறேன், சும்மாதானே இருக்கே, அதைக் கொஞ்சம் நகத்திப் பாரேன்" என்றார். நகர்த்தினேன். டீ ஆறிப்போனது. சாயங்காலம் அக்கா வரும்வரை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று மாமா போட்டுக்கொடுத்துவிட்டார்.

இன்றைக்குப் போட்டி. கரோல் பாக்கில் ஒரு ஹால், நூறு பேர் இருக்கும். முன்னாலேயே போய்ப் பாதையைப் பார்த்தேன். கம்பங்களை அறுபத்தொன்பதில் நடாமல் அழகுக்காக ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது, அவள் ஏழு முருகாவையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஐம்பது என்றால் ஐந்து முருகாவுக்கு மேல் ஒரு துளி என்றேன். ஒரு மூலையில் நின்று அதையே எண்ணிக்கொண்டிருந்தோம். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

சொன்ன வேகம் முப்பது. எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, முப்பத்தாறு. எல்லாருக்கும் அவசரம். ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் முப்பத்தொன்றரை. பிறகு என் முறை. நரேன் கையில் பழைய பட்டியல் இருந்திருக்கிறது. மாற்றியதை மறந்துவிட்டான். மைக்கில் "லோகோ பைலட் ஜோதிலிங்கம்!" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்தாள். நான் போய்க் குமிழ் முன்னால் நின்றேன்.

அப்போது நரேன் இன்னொன்று சொன்னான். இந்த வருஷம் ஒரு புதுமையாம். அளக்கும் தூரம் தாண்டியதும் ஒரு சிக்னல் வரும், பச்சை என்றால் போய்க்கொண்டே இருக்கலாம், மஞ்சள் என்றால் பிளாட்பாரத்தில் நிறுத்த வேண்டும். கடுகு அளவு விளக்கு. பார்த்தேன். எரிகிறது என்று தெரிந்தது, என்ன நிறம் என்று தெரியவில்லை. மார்ச் மாத இருட்டு அறை அப்படியே வந்துவிட்டது கவிதா. இறங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா அந்தப் பக்கம் "நரேன், நீ இல்லேன்னு சொன்னியே!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "சார், எந்த வண்டியிலயும் ரெண்டு பேர் உண்டு. அசிஸ்டண்ட் சிக்னலைப் பார்த்துச் சத்தமா சொல்லணும், டிரைவர் திருப்பிச் சொல்லணும். அதான் ரூல். என் அசிஸ்டண்ட் இவங்க" என்று அக்காவைக் காட்டினேன். நரேன் சிரித்துவிட்டு, "அச்சா, சலியே, ரெண்டு பேரும் ஓட்டுங்க" என்றான்.

ஓட்டினேன். ஐந்து முருகா, ஒரு துளி. வளைவில் கொஞ்சம் கனத்தது, கொடுத்தேன். சிக்னல் கிட்டே வந்தது. அக்கா இதுவரைக்கும் ஒரு எஞ்சினுக்குள் கால் வைத்ததில்லை. எஞ்சினில் எல்லோ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அடி வயிற்றிலிருந்து "மஞ்சள்!" என்று கத்தினாள். நானும் "மஞ்சள்!" என்றேன். கொஞ்சம் குறைத்தேன், விட்டேன், இன்னும் கொஞ்சம் குறைத்தேன். பிளாட்பாரத்தில் தட்டாமல் நின்றது.

இருபத்தொன்பது புள்ளி எட்டு. முதல் பரிசு. ஒரு பிளாஸ்டிக் கோப்பை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நரேன் மைக்கை நீட்டி, "சார், எந்த எக்ஸ்பிரஸ் ஓட்டறீங்க?" என்றான். அக்கா குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப் போனாள். நான் மைக்கை வாங்கிக்கொண்டேன். "இப்ப ஓட்டறதில்ல. இருபத்தேழு வருஷம் ஓட்டினேன். மார்ச்சுல கண் பரிசோதனையில எறக்கிட்டாங்க. இப்ப லாபியில உக்காந்து மத்தவங்களை வண்டிக்கு அனுப்பறேன்" என்றேன். புரியாதவர்களுக்காக எனக்குத் தெரிந்த ஹிந்தியில் இன்னொரு தடவையும் சொன்னேன். ஹிந்தி தப்பாக இருந்திருக்கும். ஆனால் குரல் நடுங்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை, மெடிக்கல் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

கணக்கு வாத்தியார் வந்து கை கொடுத்தார். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு நிறுத்துவது எப்படி என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறேனா, மேஜையிலா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். ஆட்டோ வந்தது, ஏறினோம். பாதி தூரம் போன பிறகு அக்கா, "பசிக்குதாடா?" என்றாள்.

பசித்தது கவிதா. அப்படி ஒரு பசி. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு கடையில் சோலே பட்டூரே வாங்கி, தெருவிலேயே நின்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒன்பது மாதமாக நீ போட்டதையெல்லாம் ருசி தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன், உனக்கும் தெரியும், நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வை. காரத்தைக் குறைக்காதே.

உன்
ஜோதி